அணிப் பட்டியலை எழுதுவது யார்?

எங்கள் ஊரில் விளையாட்டு மைதானம் உண்டு. அது ஊர்த் தெருவுக்குப் பின்னால் இருந்தது. காலனிப் பிள்ளைகளான நாங்கள் ஆற்று மணலில் விளையாடினோம். பொங்கலுக்கு ஊரில் கபடிப் போட்டி நடக்கும். எங்கள் தெருவில் நல்ல ஆட்டக்காரர்கள் இருந்ததால் வெளியூர் அணி வரும்போது மட்டும் இரண்டு பேரையோ மூன்று பேரையோ ஊர் அணியில் சேர்த்துக்கொள்வார்கள். ரெய்டு போக நாங்கள் வேண்டும். ஆனால் அணியில் யார் யார் என்று எழுதும் நோட்டு ஒருநாளும் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. கோப்பையோடு படம் எடுக்கும்போது நாங்கள் ஓரத்தில் நிற்போம்.

அந்த நோட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சில வாரங்களுக்கு முன் மாலை வகுப்பில் அமெரிக்கக் கறுப்பர்களின் வரலாறு பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு விளையாட்டுப் பக்கம் போனது. “சியர்லீடிங் என்றால் ஐபிஎல்லில் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று ஆடுவார்களே, அதுதானே அண்ணா?” என்று ஒரு தங்கை கேட்டாள். அந்த இடத்துக்காக 1969-இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூரின் பிள்ளைகள் பள்ளியைவிட்டு வெளியேறினார்கள், அடுத்த நான்கு மாதங்களில் அந்த ஊரின் ஆட்சியே கைமாறியது என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். முழுக் கதையையும் கேட்ட பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த விளையாட்டு

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் வியாசர்பாடிப் பிள்ளைகள் ஆடும் கால்பந்து அல்ல. இரு முனையும் கூரான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், எதிரணியினர் மோதிக் கீழே தள்ளுவார்கள். அணிக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். தலைக்கவசமும் தோள்கவசமும் இல்லாமல் ஆட முடியாது. அதனால் இது செலவு பிடிக்கும் விளையாட்டு. ஒரு தெருப் பிள்ளைகள் இதை ஆட வேண்டுமென்றால் யாராவது பணம் திரட்ட வேண்டும், இடம் பிடிக்க வேண்டும், வாரம் நான்கைந்து மாலைகளை ஒதுக்க வேண்டும்.

சியர்லீடிங் இதனோடு ஒட்டியே வளர்ந்தது. 1898-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்தின் முன் வந்து நின்று எல்லோரையும் ஒரே குரலில் முழங்க வைத்தார். அங்கிருந்துதான் அதன் வரலாற்றைத் தொடங்குவார்கள். அப்போது அது முழுக்க ஆண்களின் வேலை. மினசோட்டாவில் பெண்கள் அதில் சேர்ந்தது 1923-இல். இரண்டாம் உலகப் போருக்கு இளைஞர்கள் போன பிறகுதான் அது பெரும்பாலும் பெண்களுடையது ஆனது. ஐசனோவர், ரொனால்ட் ரீகன், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆகிய மூன்று குடியரசுத் தலைவர்களும் படிக்கும் காலத்தில் சியர்லீடர்களாக இருந்தவர்கள். பள்ளியின் முகமாக, கூட்டத்தின் குரலாக நிற்கும் பொறுப்பு அது. அந்த இடத்தில் நிற்பவரை ஊர் மதித்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

உடைந்த கண்ணாடிகள்

சிறுவர்களுக்கான ஃபுட்பால் அமைப்புகளில் பழையது பாப் வார்னர். 1929-இல் ஃபிலடெல்ஃபியா நகரில் தொடங்கியது. புதிதாகக் கட்டிய ஒரு தொழிற்சாலையின் கண்ணாடி ஜன்னல்களைப் பக்கத்துக் காலிமனையில் திரிந்த பையன்கள் கல்லெறிந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி தன் நண்பர் ஜோ டாம்லினிடம் யோசனை கேட்டார். பையன்களுக்கு ஒரு விளையாட்டுப் போட்டி ஏற்பாடு செய்யுங்கள், அக்கம்பக்கத்து ஆலைக்காரர்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்றார் டாம்லின். நான்கு அணிகளோடு தொடங்கியது. 1934-இல் ஒரு புயல் இரவில் பேச அழைக்கப்பட்ட பயிற்சியாளர்களில் ஒருவர் மட்டுமே வந்து சேர்ந்தார். அவர் கிளென் ‘பாப்’ வார்னர். அன்றிரவே அமைப்புக்கு அவர் பெயரை வைத்தார்கள். இன்று அமெரிக்கா முழுக்க இலட்சக்கணக்கான சிறுவர்கள் ஃபுட்பாலும் சிறுமிகள் சியர்லீடிங்கும் பழகுவது இந்தப் பெயரின் கீழும் இதைப் போன்ற அமைப்புகளின் கீழும்தான்.

இந்தத் தொடக்கத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பையன்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கண்ணாடி உடையக் கூடாது என்பதுதான் தேவை. ஏழைப் பிள்ளைகளுக்கு விளையாட்டு தருகிறோம் என்று வருகிற பெரும்பாலான திட்டங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. தருகிறவர் ஒரு பக்கம், வாங்குகிறவர் மறுபக்கம். பட்டியலை எழுதும் பேனா தருகிறவர் கையிலேயே இருக்கும்.

அந்தப் பெயருக்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. பாப் வார்னர் புகழ்பெற்றது பென்சில்வேனியாவின் கார்லைல் பூர்வகுடி தொழிற்பள்ளியில். 1879-இல் ராணுவ அதிகாரி ரிச்சர்ட் பிராட் தொடங்கிய பள்ளி அது. பூர்வகுடிகளின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொலைதூரம் கொண்டுவந்து, முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்து, வெள்ளையரைப் போல ஆக்குவதுதான் அதன் நோக்கம். பிள்ளைக்குள் இருக்கும் பூர்வகுடியைக் கொன்றால்தான் மனிதனைக் காப்பாற்ற முடியும் என்பது பிராட் வெளிப்படையாகச் சொன்ன கொள்கை. அந்த வளாகத்துக் கல்லறையில் 180 பிள்ளைகளுக்கு மேல் புதைக்கப்பட்டார்கள்.

அதே பள்ளியின் ஃபுட்பால் அணி பெரிய பல்கலைக்கழகங்களையெல்லாம் தோற்கடித்தது. ஜிம் தோர்ப் அந்த அணியில் ஆடியவர். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். அதே ஆண்டு நவம்பரில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி அணியை கார்லைல் 27–6 என்று வீழ்த்தியது. பூர்வகுடிகளின் நிலத்தைப் பறித்த ராணுவத்தின் வருங்கால அதிகாரிகளை அவர்களுடைய மண்ணிலேயே வீழ்த்திய ஆட்டம் அது. எதிரணியில் ஆடியவர்களில் ஐசனோவரும் ஒருவர். பிறகு முழங்கால் காயத்தால் ஆட முடியாமல் போனபோதுதான் அவர் சியர்லீடர் ஆனார்.

வெற்றி பிள்ளைகளுடையது. கணக்கும் அதிகாரமும் வேறு கையில். முன்பு சிறிய பேஸ்பால் அணிகளில் கொஞ்சம் கூலிக்கு ஆடினார் என்று காரணம் சொல்லி 1913-இல் தோர்ப்பின் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 1914-இல் கார்லைல் மாணவர்களே நிர்வாகத்தின்மீது புகார் எழுதி அனுப்ப, நாடாளுமன்றக் குழு விசாரணைக்கு வந்தது. வார்னர் ஆட்டக்காரர்களைக் கேவலமாக நடத்தினார், டிக்கெட் பணத்தில் முறைகேடு செய்தார் என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. அடுத்த ஆண்டு அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். கார்லைல் 1918-இல் மூடப்பட்டது. தோர்ப் 1953-இல் இறந்தார். 1912-இன் தனி வெற்றியாளர் அவரே என்று ஒலிம்பிக் குழு ஒப்புக்கொண்டது 2022-இல்.

மூன்று வெள்ளையர், ஒரு மெக்சிக்கர்

இப்போது 1969-க்கு வருவோம். இடம், டெக்சாஸின் தெற்கே கிறிஸ்டல் சிட்டி. கீரை விளையும் ஊர். ஊர் நடுவே பப்பாய் பொம்மைக்குச் சிலைகூட வைத்திருக்கிறார்கள். மக்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் மெக்சிக்க வம்சாவளியினர். அவர்களில் பெரும்பாலோர் விவசாயக் கூலிகள். அறுவடைக்காலத்தில் குடும்பத்தோடு வடக்கு மாநிலங்களுக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கும். நிலமும் ஆலையும் பள்ளி நிர்வாகமும் வெள்ளையரிடம். பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை.

உயர்நிலைப் பள்ளியில் சியர்லீடர்கள் நான்கு பேர். எழுதப்படாத ஒரு விதி இருந்தது. மூன்று பேர் வெள்ளையர், ஒருவர் மெக்சிக்கர். மாணவர்களில் பெரும்பான்மை மெக்சிக்கப் பிள்ளைகள். ஆனால் தேர்ந்தெடுப்பது ஆசிரியர் குழு, அதில் பெரும்பான்மை வெள்ளையர். 1969 வசந்தத்தில் இரண்டு வெள்ளையப் பெண்கள் படிப்பை முடித்துப் போனதால் இடம் காலியானது. திறமையான மெக்சிக்கப் பெண் ஒருவர் போட்டியிட்டார். உங்கள் ஆளுக்கான ஓர் இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்று அவரை ஒதுக்கினார்கள்.

இடஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசுபவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். 75 விழுக்காடு தனக்கு என்று சிறுபான்மையான ஆதிக்கக் கூட்டம் எடுத்துக்கொண்ட இந்த ஏற்பாட்டுக்கு அந்த ஊரில் யாரும் ‘கோட்டா’ என்று பெயர் வைக்கவில்லை. அதற்கு ‘வழக்கம்’ என்று பெயர்.

அந்த இலையுதிர்காலத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம் ஃபுட்பால் ஆட்டத்தன்று முடிசூட்டும் அரசியைத் தேர்ந்தெடுக்க ஒரு விதி வைத்தது. பெண்ணின் பெற்றோரில் ஒருவராவது அந்தப் பள்ளியில் படித்து முடித்தவராக இருக்க வேண்டும். காட்டுக்குக் கூலிக்குப் போன குடும்பங்களில் எத்தனை பேர் உயர்நிலைப் பள்ளியை முடித்திருப்பார்கள்? விதியில் இனத்தின் பெயர் ஓர் எழுத்துகூட இல்லை. ஆனால் கதவு சரியாக எங்கே மூட வேண்டுமோ அங்கே மூடியது. நம் ஊர்களில் ‘தகுதி’ என்ற சொல் செய்கிற வேலையைத்தான் அது செய்தது.

செவெரிட்டா லாரா என்ற மாணவி உள்ளிட்ட மூவர் முன்னே நின்றார்கள். மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். பள்ளி வாரியம் கேட்க மறுத்தது. 1969 டிசம்பர் 9 அன்று மாணவர்கள் வெளியேறினார்கள். நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை வருவதற்குள் 1,700 பேர் வகுப்பில் இல்லை. பெற்றோர் பின்னால் நின்றார்கள். படிப்பு கெடக் கூடாது என்று விடுமுறையில் வெளியூர்களிலிருந்து ஆசிரியர்கள் வந்து பாடம் நடத்தினார்கள். மூன்று மாணவர்கள் வாஷிங்டன் போய் செனட்டர்களைப் பார்த்தார்கள்.

கோரிக்கைப் பட்டியலில் சியர்லீடர்களை மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஒன்று. அதோடு இருமொழிக் கல்வி, மெக்சிக்க வரலாற்றுப் பாடம், மெக்சிக்க ஆலோசகர்கள், போராடியவர்கள்மீது நடவடிக்கை கூடாது என்பவையும் இருந்தன. ஒரு முழக்கக் குழுவில் தொடங்கிய கேள்வி பாடப்புத்தகம் வரை போனது. 1970 ஜனவரித் தொடக்கத்தில் வாரியம் பெரும்பாலான கோரிக்கைகளை ஏற்றது.

அவர்கள் அதோடு வீட்டுக்குப் போகவில்லை. போராட்டத்துக்குப் பின்னால் இருந்த ஹோசே ஆங்கெல் குத்தியரெஸும் தோழர்களும் வாக்காளர் பதிவைத் தொடங்கினார்கள். அதே ஜனவரியில் ‘லா ராசா உனிதா’ என்ற கட்சி பிறந்தது. ஏப்ரலில் நடந்த தேர்தல்களில் பள்ளி வாரியமும் நகரமன்றமும் அவர்கள் கைக்கு வந்தன. குத்தியரெஸ் பள்ளி வாரியத்தின் தலைவரானார். ஃபுட்பால் ஆட்டங்களில் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு ஸ்பானிஷிலும் ஒலித்தன. செவெரிட்டா லாரா பின்னாளில் அந்த ஊரின் மேயரானார்.

சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு சத்தம் என்று அன்றும் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது, அது சின்ன விஷயமாக இருந்திருந்தால் வெள்ளையர்கள் விட்டுக்கொடுத்திருப்பார்கள்.

சுவருக்கு இந்தப் பக்கம்

கிறிஸ்டல் சிட்டியில் இருந்த பட்டியலைக் கைப்பற்றினார்கள். பட்டியலே இல்லாத இடத்தில் என்ன செய்வது? அதற்கு மியாமி நகரின் லிபர்ட்டி சிட்டியைப் பார்க்க வேண்டும்.

1896-இல் மியாமியை நகரமாக அறிவிக்க வாக்களித்தவர்களில் 162 பேர் கறுப்பர்கள். எண்ணிக்கை போதாததால் தண்டவாளமும் கட்டடமும் போட்ட கறுப்புத் தொழிலாளர்களை அழைத்து வாக்களிக்க வைத்தார்கள். நகரம் உருவானதும் அவர்களைத் தண்டவாளத்துக்கு அப்பால், பிறகு ஓவர்டவுன் என்று பெயர் பெற்ற பகுதியில் ஒதுக்கினார்கள். 1937-இல் அங்கிருந்து தள்ளி லிபர்ட்டி ஸ்குவேர் என்ற குடியிருப்பைக் கறுப்பர்களுக்கென அரசு கட்டியது. பக்கத்தில் வெள்ளையர் குடியிருப்பு. நடுவே ஒரு சுவர் எழுப்பினார்கள். உத்தபுரம் சுவரைப் பார்த்த நமக்கு அது எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. அதன் மிச்சம் பல பத்தாண்டுகள் அங்கே நின்றது.

1960-களில் ஐ-95 நெடுஞ்சாலையை ஓவர்டவுனின் நெஞ்சுக்கு மேலேயே போட்டார்கள். கடைகளும் வீடுகளும் போயின, ஆயிரக்கணக்கானோர் லிபர்ட்டி சிட்டிக்கு வந்து நெருக்கியடித்துக் குடியேறினார்கள். 1979 டிசம்பரில் ஆர்தர் மெக்டஃபி என்ற கறுப்பரை போலீஸ்காரர்கள் அடித்துக் கொன்றார்கள். 1980 மே 17 அன்று முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி அவர்களை விடுவித்தது. அன்று மாலையே லிபர்ட்டி சிட்டி வெடித்தது. 18 பேர் இறந்தார்கள்.

இந்த மண்ணில்தான் 1990-இல் சாம் ஜான்சனும் ராப் பாடகர் லூதர் கேம்பலும் மற்றவர்களும் சேர்ந்து லிபர்ட்டி சிட்டி ஆப்டிமிஸ்ட் கிளப்பைத் தொடங்கினார்கள். கேம்பல் அதே பகுதியில் வளர்ந்தவர். தன் சிறுவயதில் அங்கே சிறுவர் அணி எதுவும் இல்லை, ஆடுவதற்கு மியாமி பீச்சுக்குப் போக வேண்டியிருந்தது என்று சொல்லியிருக்கிறார். அந்த மியாமி பீச் எப்படிப்பட்ட இடம்? 1960-கள் வரை அங்கே வேலைக்குப் போன கறுப்பர்கள் கைரேகை பதிந்த அடையாள அட்டையோடுதான் நடமாட முடிந்தது. வேலை செய்யலாம், இரவு தங்கக் கூடாது. ஒரு பிள்ளை பந்து விளையாட அங்கே போக வேண்டியிருந்தது என்றால் அந்தப் பயணத்தில் அவன் என்னவெல்லாம் கற்றிருப்பான்!

கிளப்பின் அன்றாட வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இயக்கம் என்பது அன்றாட வேலைதான். சார்ல்ஸ் ஹேட்லி பூங்காவில் மாலைதோறும் பயிற்சி. மழலைப் பருவத்திலிருந்து பதின்ம வயது வரை, வயதுக்கும் எடைக்கும் ஏற்ப அணிகள். பயிற்சியாளர்கள் சம்பளம் வாங்காதவர்கள், பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். அதே பூங்காவில் இன்னொரு ஓரத்தில் சிறுமிகள் சியர்லீடிங் பழகுவார்கள். தலைக்கவசம், சீருடை, பேருந்து, போட்டிக் கட்டணம் எல்லாவற்றுக்கும் பணம் திரட்ட வேண்டும். சனிக்கிழமை ஆட்டம் என்றால் அம்மாக்கள் உணவுக்கடை போடுவார்கள். பாப் வார்னர் அமைப்பில் படிப்பில் குறைந்தபட்ச மதிப்பெண் இருந்தால்தான் களம் இறங்க முடியும், ஆகவே மதிப்பெண் அட்டையைப் பார்ப்பதும் பயிற்சியாளர் வேலை. பையன் இரண்டு நாள் வரவில்லையென்றால் வீட்டுக் கதவைத் தட்டுவதும் அவர் வேலை.

ஆலை முதலாளி கண்ணாடியைக் காப்பாற்ற நடத்திய போட்டிக்கும் இதற்கும் விளையாட்டு ஒன்றுதான், விதிகளும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே நோட்டு அந்தத் தெருவில் இருந்தது. யாரை எடுப்பது, யாரைக் காத்திருக்கச் சொல்வது, சாப்பாடு இல்லாமல் வந்த பிள்ளைக்கு என்ன செய்வது என்று அவனுடைய பெயரையும் பாட்டியையும் அறிந்தவர்கள் முடிவு செய்தார்கள். டெவோன்டா ஃபிரீமன், டியூக் ஜான்சன் போன்றவர்கள் இங்கிருந்து தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். வரை போனார்கள்.

மறைக்கக் கூடாத கணக்கு

இதைச் சாதனைக் கதையாக மட்டும் சொல்லி முடித்தால் நான் உங்களை ஏமாற்றுகிறேன். அமெரிக்காவில் ஓர் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிகளில் ஃபுட்பால் ஆடும் மாணவர்கள் சுமார் 10 லட்சம். என்.எஃப்.எல். ஆண்டுதோறும் தேர்வு செய்வது 250 பேர் அளவில். மற்றவர்களுக்கு எஞ்சுவது உடம்பும் படிப்பும்தான். அந்த உடம்புக்கும் ஆபத்து உண்டு. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைச் சிதைக்கிறது என்று மருத்துவர்கள் காட்டிய பிறகு, 2012-இல் பாப் வார்னர் பயிற்சியில் மோதல் நேரத்தை மூன்றில் ஒரு பங்காகக் கட்டுப்படுத்தியது. 2016-இல் மிகச் சிறிய பிள்ளைகளின் ஆட்டத்தில், எதிரெதிரே ஓடிவந்து மோத வைக்கும் தொடக்க உதையை நீக்கியது. தெற்கு ஃபுளோரிடாவில் பெரியவர்கள் சிறுவர் ஆட்டங்களின்மேல் சூதாட்டப் பணம் கட்டினார்கள். 2012-இல் மியாமிக்கு வடக்கே ப்ரோவர்ட் மாவட்டத்தில் ஒன்பது பேர் அதற்காகக் கைதானார்கள். நம்முடைய ஆள் நடத்துகிறார் என்பதாலேயே பிள்ளைகள் பாதுகாப்பாக இருப்பார்கள் என்று பொருளில்லை.

மேலே போனால் நோட்டு மறுபடியும் கைமாறிவிடுகிறது. என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களில் பெரும்பான்மை கறுப்பர்கள். அதன் வரலாற்றில் ஓர் அணிக்குக்கூடக் கறுப்பர் பெரும்பங்கு உரிமையாளராக இருந்ததில்லை. மூளைக் காயத்துக்கு இழப்பீடு கணக்கிட்டபோது கறுப்பர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக்கொள்ளும் ஓர் அளவுகோலைப் பயன்படுத்தினார்கள். அதனால் பாதிப்பைக் காட்டுவது கறுப்பருக்குக் கடினமானது. அந்த அளவுகோலைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது 2021-இல்தான். அடிமை முறை ஒழிந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு!

பெண்களின் கணக்கு தனி. சியர்லீடிங்கில் மனிதக் கோபுரம் கட்டுகிறார்கள், குட்டிக்கரணம் அடிக்கிறார்கள். பெண்கள் ஈடுபடும் விளையாட்டுகளில் மிகக் கடுமையான காயங்களுக்குப் பெரும் காரணம் அதுவே. ஆனாலும் 2010-இல் ஓர் அமெரிக்க நீதிமன்றம், போட்டி சியர்லீடிங்கைச் சம உரிமைச் சட்டத்தின்படி பெண்களுக்கான விளையாட்டு இடங்களில் சேர்த்து எண்ண முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒரு பல்கலைக்கழகம் பெண்கள் கைப்பந்து அணியைக் கலைத்துவிட்டு அதற்குப் பதில் சியர்லீடிங்கைக் காட்டியதால் வந்த வழக்கு அது. கழுத்து முறியும் அளவுக்கு உழைப்பு உண்டு, விளையாட்டுக்குரிய பணமும் மதிப்பும் கிடையாது. பையன்கள் களத்தில், பெண்கள் கோட்டுக்கு வெளியே என்ற ஏற்பாட்டைக் கேள்வி கேட்காத சமூகத் திட்டம் பாதித் திட்டம்தான்.

நம் நோட்டு

நமக்கும் இந்த வரலாறு உண்டு. பல்வங்கர் பாலூ, தலித் சமூகத்திலிருந்து வந்த சுழற்பந்து வீச்சாளர். 1911-இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். புனேயில் அவர் பந்து வீச வேண்டும், ஆனால் தேநீர் வேளையில் வெளியே நின்று மண்குவளையில் குடிக்க வேண்டும். இந்துக்கள் அணியில் சிறந்த வீச்சாளராக ஆண்டுக்கணக்கில் இருந்தும் தலைவர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் தம்பி விட்டல் தலைவரானது 1923-இல். பந்தைக் கொடுப்பார்கள், பட்டியலைக் கொடுக்க மாட்டார்கள். கார்லைலிலும் கிறிஸ்டல் சிட்டியிலும் என் ஊர்க் கபடி அணியிலும் நடந்தது இதுவே.

ஏப்ரல் 14-க்கு நம் காலனிகளில் கபடி, வாலிபால், கிரிக்கெட் போட்டிகள் வைக்கிறோம். நல்லது. அதற்கு மறுநாள் என்ன நடக்கிறது? பந்து யார் வீட்டுக்குப் போகிறது? பேனரில் படம் போட்டுப் பணம் கொடுத்தவர் அடுத்த ஆண்டு அணியையும் தீர்மானிக்கிறாரா? தங்கைகள் பரிசுத் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்களா, ஆடுகிறார்களா, கணக்கு நோட்டை வைத்திருக்கிறார்களா? கால் முறிந்த பையனின் ஆஸ்பத்திரிச் செலவு யார் பொறுப்பு? பத்தாம் வகுப்பில் தோற்ற ஆட்டக்காரனின் வீட்டுக் கதவை யார் தட்டினார்கள்? ஊராட்சியின் மைதானத்தில் நமக்கும் உரிமை உண்டு என்று கிராம சபையில் மனு கொடுத்திருக்கிறோமா, அல்லது ஆற்று மணலே போதும் என்று இருந்துவிட்டோமா?

கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர் என்ற மூன்றையும் கிறிஸ்டல் சிட்டிப் பிள்ளைகள் ஐந்து மாதத்தில் செய்து காட்டினார்கள். வகுப்பை விட்டு வெளியேறியபோதும் பாடத்தை விடவில்லை. வென்ற பிறகு வாக்காளர் பட்டியலை எடுத்தார்கள். அணிப் பட்டியலில் தொடங்கி வாக்காளர் பட்டியலில் முடித்தார்கள் என்று சொல்லலாம்.

அன்று கேள்வி கேட்ட தங்கை மறு வாரம் ஒரு 80 பக்க நோட்டோடு வந்தாள். மாலை வகுப்புப் பிள்ளைகளின் விளையாட்டு அணிக்கான பெயர்ப் பட்டியல். முதல் பக்கத்தில் பையன்கள், பெண்கள் என்று பிரிக்காமல் வயது வாரியாக எழுதியிருந்தாள். “மைதானத்துக்கு மனு யார் எழுதுறது அண்ணா?” என்றாள். நீயே எழுது என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறாள்.